பெற்றவள் குறை சொன்னால் ஆமாம் போடாதீர்கள்

அன்று வலைக் கொட்டகையில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். ஹாலந்திலிருந்து வந்திருந்த நர்ஸ் அம்மா ஒருவர். நாங்கள் அவரை சிஸ்டர் என்றோம், மீனவர் குப்பத்து ஜனங்கள் தொரசாணி என்றார்கள். குழந்தைகளின் எடையை அட்டையில் எழுதுவதற்காக மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து வரும் மாமி ஒருவர். சம்பளம் வாங்காமல் வருபவர். மீன் விற்கும் கன்னியம்மா. அவள் இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை பிச்சை. வரிசையில் அவளுக்குப் பின்னால் அடுத்த குடிசை சரோஜா. சரோஜாவின் இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. மூலையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த, காது கேட்காத ஒரு பெரியவர். எட்டாவது ஆள் நான்.

இவ்வளவு கணக்காக ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு குப்பத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டதாகச் சொன்னார்கள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைத்தான் முதலில் உதைத்திருப்பார்கள். ஏனென்றால் அந்த வார்த்தையைத் தமிழில் சொன்ன வாய் என்னுடையது.

நீங்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வெளிநாட்டு டாக்டர்களோடு போய், அவர்கள் சொல்வதை நம் ஜனங்களுக்கும், நம் ஜனங்கள் சொல்வதை அவர்களுக்கும் சொல்கிற வேலை. நீங்கள் எல்லோரும் காலேஜ் படித்தவர்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அப்பா அடையாறில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல் செய்தார். பின்கட்டில் வளர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பட்லர் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு உடம்பு விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டேன், வண்டி ஓட்டக் கற்றேன். இந்த வேலைக்கு என்னை எடுத்ததே ஜீப் ஓட்டத்தான். மொழிபெயர்க்க வந்த பட்டதாரிப் பையன் இரண்டாம் நாளே மீன் வாடை தாங்காமல் போய்விட்டான். சிஸ்டர் என்னைப் பார்த்து, "உனக்குத்தான் இரண்டும் தெரியுமே, நீ சொல்லு" என்றார். அப்படி வந்து சேர்ந்தது இந்த வேலை.

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கினால் கை பிரேக் போட்டேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே நிற்பது என்றால் கேட்க வேண்டுமா. சிஸ்டர் கறாராக எதையாவது சொன்னால் அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தமிழில் கொடுப்பேன். "இந்தப் புட்டி அழுக்காக இருக்கிறது, இதனால்தான் குழந்தைக்குப் பேதி" என்று அவர் சொன்னால், "புட்டியை வெந்நீரில் அலசினால் இன்னும் நல்லதாம்மா" என்பேன். அந்தப் பக்கம் ஒரு தாய் "இவளுக்கு இன்னா தெரியும், புள்ள பெத்தவளா?" என்று கேட்டால், சிஸ்டரிடம் "உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்பேன். நான்கு மாதம் இப்படியே ஓடியது. யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. புட்டிகளும் அப்படியே இருந்தன.

மாமிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. மடிசார்ப் புடவையும் கையில் ஒரு துணிப்பையுமாக வந்து, பேசாமல் அட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் சிஸ்டரிடம் சரளமாக, "உங்கள் டிரைவர் நீங்கள் சொல்வதைச் சொல்வதில்லை" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

சிஸ்டர் என்னை அங்கேயே கூப்பிட்டார். மாமி பக்கத்தில் இருக்கும்போதே, என் கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீ என் வார்த்தைகளை மாற்றுகிறாய். அது தவறு. இனிமேல் செய்யாதே."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆனால் சிஸ்டரோ, சொல்லி முடித்த அடுத்த நிமிஷமே பிஸ்கட் டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினார், எதுவும் நடக்காத மாதிரி. அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. திட்டிவிட்டுத் தின்னக் கொடுக்கிறாரே, இது எந்த வகை? அவர்கள் ஊரில் வேலையில் குறை சொன்னால் அது வேலையோடு நின்றுவிடும், ஆளைத் தொடாது என்பது எனக்குப் புரிய வெகு நாள் ஆயிற்று. அன்றைக்கு நான் செய்தது ஒன்றுதான். இனிமேல் ஒரு எழுத்துக் கூடக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

செவ்வாய்தோறும் கொட்டகையில் குழந்தைகளுக்கு எடை போடுவோம். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் நான் சொன்ன அந்த எட்டுப் பேர்.

உத்தரத்திலிருந்து ஒரு தராசு தொங்கும், அதில் தொட்டில் மாதிரி ஒரு துணி. கன்னியம்மா பிச்சையை அதில் உட்கார வைத்தாள். நோஞ்சான் பிள்ளை. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. இருமிக்கொண்டே இருந்தான். கன்னியம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இத்தப் பாரு தொரசாணி, எலிக்குஞ்சாட்டம் கீது. துன்றதெல்லாம் எங்க போவுதோ. இதெல்லாம் எங்க தேறப் போவுது."

நான் எழுத்துக்கு எழுத்து இங்கிலீஷில் சொன்னேன். எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறான் என்கிறார். தேற மாட்டான் என்கிறார்.

சிஸ்டர் முள்ளைப் பார்த்தார். அட்டையில் போன மாதத்து எடையைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை வந்தது. தாயே பிரச்சினையைப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு நிம்மதியும் வந்தது. "ஆமாம், நீங்கள் சொல்வது சரி. மிகவும் சின்னதாக இருக்கிறான். இந்த வயதுக்கு அந்தக் குழந்தை மாதிரி இருக்க வேண்டும்" என்று சரோஜாவின் பெண்ணைக் காட்டினார்.

நான் தமிழில் சொன்னேன். ஒரு எழுத்துக் குறைக்காமல்.

கன்னியம்மாவின் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் கத்தினால் இரண்டு தெரு தள்ளி ஜன்னல் திறக்கும். அவளும் சரோஜாவும் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். இங்கே சொல்ல முடியாது. சாயங்காலம் அதே இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவள் அன்று கத்தவில்லை. பிள்ளையைத் தராசிலிருந்து தூக்கினாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். இடுப்புக் கயிற்றைச் சரிசெய்தாள். சரோஜாவைப் பார்க்காமல், சிஸ்டரிடம் "நான் வர்றேம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரோஜாவும் தன் பெண்ணின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு எடை போடாமலே போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கொட்டகைக்கு ஒருவர்கூட வரவில்லை. பெரியவர் மட்டும் வலையோடு இருந்தார்.

மாமிதான் ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, நீ தமிழன்தானே? பெத்தவ அப்படிச் சொன்னா நாம என்ன சொல்லணும்? 'யாரு சொன்னா, ராஜாவாட்டம்னா இருக்கான்'னு சொல்லணும். கண்ணு படப்படாதுன்னுதானே அவ அப்படிச் சொல்றா. எங்காத்துலயே, என் பொண்ணு பாடினா கழுதை மாதிரி இருக்குன்னு நான் சொல்லலாம். சம்பந்தியாத்து மாமி ஆமான்னுட்டா அன்னியோட பேச்சு நின்னுடும். இது நோக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமி. நீங்கதானே நான் மாத்திச் சொல்றேன்னு போட்டுக் குடுத்தீங்க."

மாமி நோட்டை மெதுவாக மூடினார். "வாஸ்தவம். என் மேலதான் தப்பு. நேக்கு என்ன தெரியும், நான் ஏதோ அட்டை எழுத வந்தவ" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. அட்டை வேண்டுமென்றால், நான் எதிரே நிற்கும்போதே தராசைப் பார்த்து, "யாராவது அந்தப் பெட்டியைத் திறந்தா தேவலை" என்பார். ஒரே கொட்டகையில் பாருங்கள், குறையென்று ஒன்று வந்ததும் ஒருத்தி மரியாதையாகப் போகிறாள், ஒருத்தர் தராசோடு பேசுகிறார், ஒருவன் சோறு தின்னாமல் கிடக்கிறான்.

சிஸ்டரிடம் விஷயத்தை விளக்கினேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. உடனே எழுந்தார். "நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போதே."

வெள்ளைக்காரி ஒருத்தி சந்தில் நின்று, எல்லோரும் பார்க்க, உன் பிள்ளை சின்னதாக இருக்கிறான் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்றால், அது அந்த வார்த்தையை இரண்டாம் முறை சொன்னதாகத்தானே ஆகும்? வேண்டாம் சிஸ்டர் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் அவர் கவலைப்பட்டது மன்னிப்புக்காக மட்டும் இல்லை. அட்டைப்படி பிச்சைக்கு எடை இறங்கிக்கொண்டே போகிறது, சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்று கன்னியம்மா முன்பே சொல்லியிருக்கிறாள், இருமல் நிற்கவில்லை. "அவன் நெஞ்சில் கோளாறு இருக்கிறது. தினமும் மருந்து கொடுக்க வேண்டும், பல மாதங்களுக்கு. விட்டுவிட்டால் அவன் பிழைக்க மாட்டான்" என்றார். நான் ராத்திரி தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிஸ்டருக்குத் தெரியாமல் கன்னியம்மாவின் குடிசைக்குப் போனேன். "வாங்க டைவரே, குந்துங்க" என்றாள். கோலி சோடா வாங்கிவரச் சொன்னாள். அவள் என்னை "வா நைனா" என்று சொல்லியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். "வாங்க" என்றதும் காரியம் கெட்டது என்று தெரிந்துவிட்டது.

"தொரசாணி தப்பா எதுவும் நெனைக்கல. புள்ளைக்கு மருந்து..."

"எனக்கு ரெண்டு போயிடுச்சு டைவரே" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இது மூணாவது. பொறந்தவுடனே முறத்துல போட்டு, பக்கத்து வூட்டாண்ட பிச்சையா வாங்கின புள்ள. அதான் பேரு. நான் எலிக்குஞ்சுன்னு சொன்னா, அது எமனுக்குச் சொல்றது, உனுக்கு எதுக்கு இதுன்னு. அந்தம்மா ஆமான்னு சொல்லிட்டா. எல்லாரையும் வச்சிக்கினு. சோடா குடிங்க."

குடித்தேன். வேறு என்ன செய்ய?

இரண்டு வாரம் போயிற்று. சிஸ்டர் தினமும் காலையில் ஜீப்பில் ஏறும்போது முதல் கேள்வி, "அந்தப் பையனைப் பார்த்தாயா?" என்பதுதான். நான் பார்ப்பேன். குடிசை வாசலில் மணலில் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாகத் தெரிவான். அது உண்மையா, என் பயமா என்று எனக்குத் தெரியாது.

சிஸ்டர் குடியிருந்தது அடையாறு காந்தி நகரில். கன்னியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிற தெருக்களில் அதுவும் ஒன்று. அந்த வீட்டு வாசல் வந்ததும் அவள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, கூவாமல் நடந்துவிடுவாள். ஒருநாள் நான் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் விடுவிடுவென்று வாசலுக்கு வந்து அவரே கூப்பிட்டார்: "மீன்! மீன்!" அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும்.

கூப்பிட்ட குரலுக்குக் கூடையை இறக்காமல் போவது வியாபாரத்துக்கு ஆகாது. கன்னியம்மா என்னைப் பார்க்காமல் இறக்கினாள். சங்கரா மீன் இருந்தது. சிஸ்டர் ஒன்றின் வாலை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். எவ்வளவு என்று கேட்டார். கன்னியம்மா ஒரு விலை சொன்னாள். சிஸ்டர் சரி என்றார்.

கன்னியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஐய! இன்னா பொம்பள இவ! வெலய கேட்டா உடனே சரின்றா! மீன இப்படியா புடிப்பாங்க? செவுளத் தூக்கிப் பாக்கத் தெரியல, கண்ணப் பாக்கத் தெரியல. இவளக் கட்டிக்கினா அவன் பட்டினி கெடந்துதான் சாவணும். சொல்லு டைவரே, இத்த அப்படியே சொல்லு!"

நான் விழித்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். "அப்படியே சொல்" என்றார் அவரும்.

சொன்னேன். கட்டிக்கொள்பவன் பட்டினி கிடந்து சாவான் என்பது வரைக்கும்.

சிஸ்டர் சிரித்தார் பாருங்கள். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு உள்ளே ஓடிப்போய் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். செவுள் எப்படி இருக்க வேண்டும், கண் எப்படி இருக்க வேண்டும், அமுக்கினால் குழி விழ வேண்டுமா கூடாதா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கன்னியம்மா ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டினாள். ஆனால் மீனைவிட அதிகமாக சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னிடம் தாழ்ந்த குரலில், "இன்னா நைனா, திட்னா சிரிக்குது?" என்றாள். நைனா என்றாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

விலை ஒன்றேகால் ரூபாய். சிஸ்டரிடம் பத்து ரூபாய் நோட்டுத்தான் இருந்தது. கன்னியம்மாவிடம் சில்லறை இல்லை. என் ஜேபியில் இருந்தது. ஏனோ கை போகவில்லை. "நாளைக்குக் குடு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சிஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஏழைப் பெண்ணிடம் கடன் வைத்துவிட்டோமே என்று கடைக்குப் போய் நோட்டை மாற்றி, மத்தியானமே ஜீப்பை எடுக்கச் சொன்னார். சந்தின் முனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். கன்னியம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் காசை நீட்டியதும் அவள் முகம் மாறியது.

"காலைல வாங்கி மத்தியானமே குடுக்க வந்துட்டாளே! நான் இன்னா வட்டிக்கு வுட்ட ஈட்டிக்காரனா? எங்கனா ஓடிப் போயிடுவேன்னு நெனச்சிக்கினாளா? எட்த்துக்கினு போவச் சொல்லு!"

நீட்டிய கையோடு சிஸ்டர் நின்றார். என்ன தவறு செய்தேன் என்று என்னைப் பார்த்தார். பாவமாக இருந்தது. இந்த ஊரில் ஆமாம் என்றாலும் தப்பு, கடனைத் திருப்பிக் கொடுத்தாலும் தப்பு என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

ஜீப்புக்குத் திரும்பினோம். நான் வண்டியைக் கிளப்பவில்லை. அதுவரைக்கும் அடுத்தவர் பேச்சைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறை என் பேச்சை நானே இங்கிலீஷில் பேசினேன். நாக்கு உளறியது.

"சிஸ்டர், அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்."

"ஏன்?"

"இங்கே கணக்கைத் தீர்த்துவிட்டால், போய் வருகிறேன் என்று அர்த்தம். பாக்கி இருக்கிறவரைதான் உறவு. கன்னியம்மாவும் சரோஜாவும் அரிசி, எண்ணெய், துட்டு என்று எப்போதும் ஒருத்திக்கு ஒருத்தி கடன்தான். அதனால்தான் அவ்வளவு கேவலமாகத் திட்டிக்கொள்ள முடிகிறது. நீங்கள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அதனால் நீங்கள் ஒரு சின்னக் குறை சொன்னாலும் அது பெரிதாகப் படுகிறது."

சிஸ்டர் கையிலிருந்த காசைப் பார்த்தார். "எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வைத்தால் தெருவில் தலை நிமிர முடியாது" என்றார். பிறகு காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "இது எனக்கு ரொம்பக் கஷ்டம்" என்றார். நிஜமாகவே கஷ்டப்பட்டார். குதிகாலில் முள் தைத்தவர் போல அந்த வாரம் முழுவதும் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது சரியா என்று எனக்கே சந்தேகம். குப்பத்தில் பிறந்தவன் இல்லை நான். ராத்திரி படுத்தபின், ஏழையின் ஒன்றேகால் ரூபாயை நிறுத்திவைக்கச் சொன்ன பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. கொட்டகையில் சிஸ்டர், மாமி, நான், வலையோடு பெரியவர். பத்து மணி இருக்கும். வெளியே சந்து முழுக்கக் கேட்கிற குரல்:

"எங்க என் துட்டு? மீன துன்னுட்டு ஏமாத்திக்கினு கீறா வெள்ளக்காரி! இன்னிக்கு வாங்காம வுட மாட்டேன்!"

கன்னியம்மா உள்ளே வந்தாள். இடுப்பில் பிச்சை. பின்னால் வேடிக்கை பார்க்க சரோஜாவும் இன்னும் நாலைந்து பெண்களும், பிள்ளைகளோடு. கன்னியம்மா வைத்தியத்துக்கு வரவில்லை. கடன் வசூலிக்க வந்திருக்கிறாள். ஊரே அதற்குச் சாட்சி.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பையைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. அவரே தமிழில், "அடுத்த வாரம்" என்றார்.

"அட்த்த வாரமா! கேட்டியா சரோஜா, கடங்காரி எப்படிப் பேசுறா பாரு!" என்று கன்னியம்மா கத்தினாள். சரோஜா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கன்னியம்மா பிள்ளையைத் தானே தராசுத் துணியில் உட்கார வைத்தாள். சிஸ்டரை நேராகப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது.

"எலிக்குஞ்சாட்டம் கீது" என்றாள்.

எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். அதை இங்கிலீஷில் சொல்லவா வேண்டாமா?

சிஸ்டர் முள்ளைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக, குழந்தை நடை பழகுவது மாதிரி சொன்னார்: "யாரு சொன்னா? ராஜாவாட்டம்னா இருக்கான்!"

மயிலாப்பூர் ராகத்தில் ஹாலந்துக்காரி சொன்ன தமிழ். மாமி தலையைக் குனிந்து அட்டையில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். அந்த அட்டையில் எழுத எதுவும் இல்லை. என்னோடு பேசாமல் இருந்த அத்தனை நாளும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சிஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

சிஸ்டர் அவளைத் தனியாக, பெரியவர் உட்கார்ந்திருந்த மூலைக்கு அழைத்துப் போனார். மூன்று பேரும் குந்தினோம். மெல்லிய குரலில் சிஸ்டர் சொன்னார், நான் மெல்லிய குரலில் தமிழில் சொன்னேன். நெஞ்சில் கோளாறு. தினமும் மருந்து. ஒரு நாளும் விடக் கூடாது. கூடை தூக்கப் போகிறபோது யார் கொடுப்பார்கள்? கன்னியம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "சரோஜா குடுப்பா. இல்லன்னா தோல உரிச்சிடுவேன்" என்றாள். எழுந்து முந்தானையை உதறிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "துட்டு வாங்கற வரைக்கும் வந்துக்கினுதான் இருப்பேன், சொல்லிட்டேன்!" என்றாள்.

மாமி என்னைப் பார்த்து, தராசைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து, "அந்தப் பெட்டியை எடுப்பா" என்றார்.

அதற்கப்புறம் செவ்வாய்தோறும் இந்தக் கூத்துத்தான். கன்னியம்மா வருவாள், துட்டு கேட்பாள், சிஸ்டர் அடுத்த வாரம் என்பார், பிச்சை தராசில் ஏறுவான். நடுவில் ஒருமுறை மருந்தை நான்கு நாள் விட்டுவிட்டார்கள். சிஸ்டர் கன்னியம்மாவைப் பிடித்துக் கத்தினார். நிஜமாகவே கத்தினார். நான் சர்க்கரை போடவில்லை. கன்னியம்மா பதிலுக்கு, "மீன் துட்டக் குடுக்க வக்கில்ல, பேச வந்துட்டா" என்று கத்தினாள். அடுத்த நாளிலிருந்து மருந்து ஒழுங்காக நடந்தது. எனக்கும் புத்தி போகுமா? ஒருவேளை அவளுக்கு நிஜமாகவே அந்தக் காசு தேவைப்படுகிறதோ என்று பயந்து, ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு என் பையிலிருந்து ஒன்றேகால் ரூபாயை நீட்டினேன். "உன்ன எவன்யா கேட்டான்?" என்று அவள் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்க்காரர்களோடு போயிருக்கிறேன். ஒரு ஜப்பான்காரர் இருந்தார். நம் ஆள் ஒருவன் அவர் போட்ட குழாயில் குறை சொன்னதும் குனிந்து நன்றி சொன்னார். அப்புறம் இரண்டு நாள் யாரோடும் சாப்பிட உட்காரவில்லை. வெளியே தெரிவதை வைத்து உள்ளே எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. இதே சிஸ்டர், மீனைத் தூக்கிப் பார்க்கத் தெரியவில்லை என்றதற்கு விழுந்து விழுந்து சிரித்தவர், ஒருநாள் கன்னியம்மா ஆசையாகக் கன்னத்தைத் தொட்டு, "இன்னா இப்படி எளச்சிக் கறுத்துட்ட?" என்று கேட்டதற்கு ஜீப்பில் அழுதார். நம் ஊரில் அதைவிடப் பிரியமாக ஒன்றைக் கேட்க முடியாது என்று நான் சொல்லச் சொல்ல அழுதார். அதனால் உங்களுக்குச் சட்டம் என்று எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வார்த்தையை மாற்றாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சரிதான். ஆனால் வாயைத் திறக்கும் முன் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அன்று நான் எட்டுப் பேரையும் எண்ணியிருந்தால், சிஸ்டரின் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

ஒன்றேகால் ரூபாய்தான் பிச்சையைக் காப்பாற்றியது என்றும் சொல்ல மாட்டேன். மருந்து காப்பாற்றியது. கன்னியம்மா எப்படியும் வந்திருப்பாளோ என்னவோ. வருவதற்கு அவளுக்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து சிஸ்டர் ஊருக்குத் திரும்பினார். கடைசிச் செவ்வாய்க்கிழமை பிச்சை தராசில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து மணலில் ஓடினான். துணி தாங்காது என்று மாமி சொன்னார். சிஸ்டர் ஒரு ரூபாய் நோட்டையும் ஒரு கால் ரூபாய்க் காசையும் எடுத்துக் கன்னியம்மாவின் முன் நீட்டினார். கன்னியம்மா அந்தக் கையை அப்படியே இரண்டு கையாலும் மூடினாள்.

"வச்சிக்க. வந்து குடு" என்றாள்.

சிஸ்டரின் கடிதம் பொங்கலுக்கு ஒன்று என்று பல வருஷம் வந்தது. மாமி படித்துச் சொல்வார். ஒவ்வொரு கடிதத்திலும், இன்னும் பாக்கி இருக்கிறதா என்று கன்னியம்மாவைக் கேட்கும்படி ஒரு வரி இருக்கும். கீதுன்னு எழுது என்பாள் கன்னியம்மா. பிறகு கடிதம் நின்றது. மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் குப்பத்துப் பக்கம் போயிருந்தேன். கன்னியம்மா இப்போது கூடை தூக்குவதில்லை. பிச்சையின் தோள் என் வீட்டு வாசலில் நுழையாது. அவனுக்கே இரண்டு பிள்ளைகள். சின்னதைக் கன்னியம்மா மடியில் வைத்திருந்தாள். "இன்னா நைனா, இதுவும் எலிக்குஞ்சாட்டம் கீது பாரு" என்றாள். யாரு சொன்னா, ராஜாவாட்டம் இருக்கான் என்றேன். பிறகு அவளே கேட்டாள், எப்போதும் கேட்பது போல, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தக் கடங்காரிகிட்டேர்ந்து ஏதாவது சேதி வந்ததா என்று. இல்லை என்றேன். வரும் என்றாள்.

பாக்கி ஒன்றேகால் ரூபாய்.